விளக்கு எரியாத கோயிலுக்குள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையின் மேலமலைக் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நார்த்தாமலையைப் பற்றியே இல்லை. "எங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒன்று கிடக்கிறது" என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தோரு வருடம் புதுக்கோட்டைச் சீமைப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவள் நான். சனி ஞாயிறுகளில் இந்தக் கோயில்களைத் தேடித்தான் போவேன். அங்கே பார்த்ததையும் பட்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, எங்கள் ஊரிலிருந்து 3 கிலோமீட்டரில் கருவேலங்காட்டுக்குள் ஒரு கற்கோயில் இருக்கிறது. மண்டபத்தின் கூரை பாதி விழுந்துவிட்டது. பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து புதரை வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? – கல்லூரி மாணவர், அறந்தாங்கி

தம்பி, அரிவாளையும் மண்வெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதல் தடவை வெறுங்கையோடு போவதுதான் நல்லது. ஏன் என்றால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும்.

1979-இல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு முகாமுக்காக ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே உங்கள் ஊரில் இருப்பது போலவே ஒரு சிறிய சிவன் கோயில். கருவறையைச் சுற்றிலும் இடுப்பளவுக்குப் புதர். இரண்டு நாள் வெட்டினோம். வெட்டிப் போட்டதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் தெற்குச் சுவரோரம் குவித்துத் தீ வைத்துவிட்டோம். தீக்குச்சி கிழித்தது நான்தான். கொஞ்ச நேரத்தில் பட்டாசு மாதிரி சத்தம் கேட்டது. மூங்கில் வெடிக்கிறது என்று நினைத்தோம். வெடித்தது கல்.

கல் உடைக்கிறவர்கள் பாறையிலிருந்து பலகை பெயர்க்க வேண்டுமென்றால் மேலே விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் மேல்தோல் தனியாகப் பிரிந்து வரும். அதே வேலையைத் தெரியாமல் ஒரு கோயிலின் அதிட்டானத்தில், அதாவது கல் அடித்தளத்தில், செய்துவிட்டோம். மறுநாள் சாம்பலைத் தள்ளிப் பார்த்தபோது அதன் வரிகளான குமுதமும் பட்டிகையும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தன. உதிர்ந்த சில்லுகளில் எழுத்து இருந்தது. கையில் எடுத்தால் பொடிந்தது. சுவரில் மிச்சமிருந்தது ஒரு மூலையில் "நொந்தா விளக்கு" என்ற சொல்லும், அதற்குக் கீழே "பேராடு" என்ற சொல்லும்தான்.

அந்த இரண்டு சொல்லே அங்கே என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறது. யாரோ ஒருவர் அந்தக் கோயிலில் அணையா விளக்கு எரியத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு விளக்குக்கு அதுதான் கணக்கு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் நெய் அளக்க வேண்டும். குட்டி போட்டு மந்தை குறையாமல் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் அதைச் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதுவார்கள். கொடுத்தது யார், எந்த ஊர், எந்த ராசா காலம், எல்லாம் நான் மூட்டிய தீயில் போய்விட்டது. அச்சில் வந்த கல்வெட்டுத் தொகுதிகளில் அந்த ஊரின் பெயரைப் பல வருடம் தேடினேன். இல்லை. எங்களுக்கு முன்னால் அதை யாரும் படி எடுத்திருக்கவில்லை.

அதனால்தான் வெறுங்கையோடு போகச் சொல்கிறேன். முதல் நாள் வெளியே மட்டும் சுற்றி வாருங்கள். எந்தக் கல் தொங்குகிறது, எந்த உத்தரம் விரிசல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். கூரை பாதி விழுந்த மண்டபத்துக்குள் ஒருவரும் நுழைய வேண்டாம். மீதிப் பாதியை எது தாங்கி நிற்கிறது என்று நமக்குத் தெரியாது. கிணறு இருக்கிறதா என்று கம்பால் தட்டிப் பாருங்கள், புதர் மூடிய கிணறு பாம்பைவிட மோசம். விழுந்து கிடக்கும் கல்லை "இங்கேதான் இருந்திருக்கும்" என்று தூக்கி வைக்காதீர்கள். அது விழுந்த இடமே அது எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி.

சுவரில் அரசோ ஆலோ இச்சியோ வேர் விட்டிருக்கும். பார்த்தாலே பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் வேர் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். சில இடங்களில் இரண்டு கல்லைப் பிடித்து நிறுத்தியிருப்பதே அந்த வேர்தான். மேலே வெட்டி, அடிக்கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக விட வேண்டும். அது தெரிந்தவர்கள் செய்கிற வேலை.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த இடத்தின் புல எண்ணைக் கேளுங்கள். 'அ' பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். சில நேரம் இடிந்து போன கோயிலின் சாமி பெயரிலேயே இன்னும் நிலம் இருக்கும். அந்த எண்ணையும் படங்களையும் வைத்து மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு மனு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் விடுமுறையில் இதைச் செய்தாலே பெரிய காரியம்.

கேள்வி: பூசை நின்றுபோன கோயிலுக்குள் போனால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்கிறார். அப்படிப் போனால் செருப்பைக் கழற்ற வேண்டுமா? ஒரு விளக்காவது ஏற்றலாமா? – வாசகி, திருப்பூர்

உங்கள் மாமியாரிடம் வாதம் செய்யாதீர்கள் சகோதரி. அந்தப் பேச்சுதான் இத்தனை வருடமாகப் பல கோயில்களின் கல்லைப் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. நான் போகலாம் என்று நினைக்கிறேன், போய்க்கொண்டும் இருக்கிறேன். என் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

செருப்பைப் பொறுத்தவரை, புதர் வழியே கோயில் வரை கெட்டியான செருப்போ ஷூவோ கட்டாயம். கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். அதிட்டானத்தில் ஏறும்போது கழற்றுவேன். உள்ளே சாமி இருக்கிறதோ இல்லையோ, அதைக் கட்டியவர்கள் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். ஆனால் உள்ளே கண்ணாடிச் சில்லு, தேள், வௌவால் எச்சம் இருந்தால் போட்டுக்கொண்டே போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

விளக்கு மட்டும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. எண்ணெய் வழிந்த கல்லில் தூசி படிந்து படிந்து எழுத்து மூடிவிடும். கற்பூரப் புகை கூரையில் ஏறும். அங்கே பழைய ஓவியத்தின் சுவடு இருந்தால் அதோடு போயிற்று. மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு பூவை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். பூ காய்ந்து போய்விடும், கல்லை ஒன்றும் செய்யாது.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மேலமலைக்குப் போனோம். வெயில் தாங்கவில்லை, அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டோம். உண்மையைச் சொன்னால் ஒரு சிறிய கோயில், இரண்டு குகை, அவ்வளவுதானே? எதைப் பார்க்கத் தவறினோம்? – வாசகர், மதுரை

போனது எத்தனை மணிக்கு? உச்சிவெயிலில் அந்தப் பாறை தோசைக்கல். அந்தக் கோயில் மேற்கு பார்த்தது. மூன்றரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து நேராக முகப்பில் விழும். அப்போது போயிருந்தால் வேறு கோயிலைப் பார்த்திருப்பீர்கள்.

கீழே ஊரில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறதே, பங்குனியில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. அதே ஊரின் தலைக்கு மேல் இந்தக் கோயில் சத்தமில்லாமல் நிற்கிறது. விசயாலய சோழீசுவரம் என்று பெயர். பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவன் முத்தரையர் குலத்தைச் சேர்ந்த சாத்தன் பூதி. மழை இடித்துக் கோயில் அழிந்தது, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுக்கினான் என்று வாயிற்காவலர் சிலைக்கு அடியில் இருக்கும் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அது ஒரு முறை பாழாகி, ஒருவன் கைகொடுத்து எழுந்த கோயில். முதன்முதலில் அதை எழுத்துக் கூட்டிப் படித்த அன்று என் தீக்குச்சி ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் தவறவிட்ட முக்கியமான சங்கதி கருவறை. வெளியே இருந்து பார்த்தால் சுவர் சதுரம். உள்ளே கருவறை வட்டம். சதுரத்துக்குள் வட்டத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் சுற்றி வர வழியும் விட்டிருக்கிறார்கள். அந்த வட்டத்தை மேலே எங்கே வெளிக்காட்டுகிறார்கள் என்று கருவறைக்கு மேலே எழும் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். கீழ்த் தளங்கள் சதுரமாகவே ஏறி, உச்சியில் கழுத்தும் சிகரமும் உருண்டு முடியும். தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறான் ஒரு கல்தச்சன். மேல் தளத்து விளிம்பில் ஆடும் பெண் உருவங்கள் இருக்கின்றன, கண்ணுக்கு எட்டாவிட்டால் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன, இப்போது ஆறு நிற்கின்றன. மற்ற இரண்டும் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை.

எதிரே இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலீசுவரம். சாத்தன் பழியிலி என்பவன் குடைந்தான். முன்னால் நந்தியும் மண்டபமும் அமைத்தவள் அவன் மகள், பழியிலி சிறிய நங்கை. அப்பா ஆரம்பித்ததை மகள் முடித்து, தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறாள். வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய குகையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கும். அதற்கு "சமணர் குடகு" என்று இன்னொரு பெயர். முதலில் சமணர்களுடையது, பிறகு விண்ணகரம், அதாவது திருமால் கோயில், ஆனது. ஒரே பாறையில் சிவன், திருமால், சமணர் மூவரும் வந்து போயிருக்கிறார்கள்.

இத்தனையும் ஏன் இங்கே வந்தது என்றால், இது வணிகர்களின் நகரம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவின் பெயர் இவ்வூர்க் கல்வெட்டுகளில் வரும். தெலுங்குகுலகாலபுரம், குலோத்துங்க சோழப் பட்டினம் என்று இந்த ஊருக்கே பெரிய பெயர்கள் இருந்தன. வணிகம் போனது, பெயர்கள் போயின, கோயில் மட்டும் மலையில் தங்கிவிட்டது. இன்னொரு முறை போங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொண்டு, மாலையில் போங்கள். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் மரியாதையாகக் கேளுங்கள், நேரமிருந்தால் திறந்து காட்டுவார்.

கேள்வி: லிங்கத்துக்கு அடியில் தங்கமும் நவரத்தினமும் வைத்துத்தான் பிரதிட்டை செய்வார்களாமே? எங்கள் பக்கத்துக் கோயிலில் லிங்கத்தைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். – வாசகர், தருமபுரி

பெயர்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. அடியில் வைப்பது கொஞ்சம் நவதானியம், துளித்துளியாய்க் கல், தகடு. அதற்காக லிங்கத்தின் பீடமான ஆயிரம் வருடத்து ஆவுடையாரைக் கடப்பாரையால் பிளக்கிறார்கள். பூமிக்குள் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. புதிதாகத் தோண்டிய குழியைப் பார்த்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட கோயில்களில் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது? அதனால் திருடர்களுக்குத்தானே வழி காட்டுகிறோம்? – வாசகி, சென்னை

நியாயமான பயம். இரண்டு பக்கமும் இருக்கிறது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் பிரகதீசுவரர் கோயில் என்று ஒன்று. பூசை நின்று, தேனீ கூடு கட்டி, ஊரார் உள்ளே போவதையே விட்டுவிட்டார்கள். 2006-இல் அங்கிருந்த நடராசர் திருடு போனார். இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரை நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிக் கூடத்தில் நிறுத்தியது. அந்தச் சிலை இந்தச் சிலைதான் என்று எப்படி நிரூபித்தார்கள்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்ப் பழைய நாளில் எடுத்து வைத்திருந்த படங்கள் இருந்தன. சிலையைச் சுற்றி வளைந்திருக்கும் திருவாசியின் நெளிவு, உடம்பில் உள்ள சிறு குறை, எல்லாம் ஒத்துப்போயின. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். யாரோ ஒருவர் வியர்க்க வியர்க்க அந்தக் கோயிலுக்குள் போய் எடுத்த படம்தான் அவரைக் கூட்டி வந்தது.

அதனால் படம் எடுங்கள், ஊரைக் கூட்டிக் காட்டாதீர்கள். தனியாக எடுத்துச் செல்லக்கூடிய சிலை, செப்புத் திருமேனி, உடைந்த தலை, இவை இருக்கும் இடத்தை முகநூலில் போட வேண்டாம். சுவர், தூண், கல்வெட்டு போடலாம். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள், இல்லாவிட்டால் சிலை ஒரு சாண் உயரமா ஓர் ஆள் உயரமா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. சிலை என்றால் முதுகுப் பக்கமும் எடுக்க வேண்டும். திருட்டுச் சிலையை அடையாளம் காண முன்பக்கத்தைவிட முதுகு உதவும், அங்கே யாரும் மெருகு போடுவதில்லை. தேதி, ஊர், திசை எழுதி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். என் பழைய படங்களில் பாதியில் எந்த ஊர் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூணைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கல்வெட்டுப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு கோயிலின் காலத்தை எப்படிக் கணிப்பது? – வாசகர், நெய்வேலி

தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இருக்கும் போதிகையைப் பாருங்கள். உருண்டு, அலை அலையாக வரி ஓடியிருந்தால் பல்லவர் அல்லது முற்காலச் சோழர் பக்கம். சாய்வாக வெட்டி நடுவில் ஒரு துருத்து இருந்தால் அடுத்த கட்டச் சோழர். வாழைப்பூ மாதிரி கீழே தொங்கினால் விசயநகரம், நாயக்கர். கூரையில் மீன் செதுக்கியிருந்தால் பாண்டியர் கை பட்டிருக்கிறது. ஒரே கோயிலில் நான்கும் இருக்கலாம், ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் சேர்த்திருப்பார்கள்.

கல்வெட்டும் அவ்வளவு பயமில்லை. "திருமகள் போல" என்று தொடங்கினால் ராசராசன், "திருமன்னி வளர" என்றால் ராசேந்திரன், "புகழ்மாது விளங்க" என்றால் முதல் குலோத்துங்கன். இந்த மூன்று தொடக்கத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டாலே போதும், மீதி தானாக வரும். புள்ளி வைக்க மாட்டார்கள், அதற்கு மட்டும் பழக வேண்டும். எழுத்துத் தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், ஆணியால் சுரண்டாதீர்கள். சாயங்காலம் இருட்டியதும் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் நூறு வருடமாகப் பாழாய்க் கிடந்த கோயிலைப் புதுப்பிக்கிறோம். மணல் வீசிச் சுத்தம் செய்து, கீழே டைல்ஸ், மேலே பெயிண்ட் என்று ஒப்பந்தம் பேசியாயிற்று. நல்ல காரியம்தானே? – வாசகர், நாமக்கல் மாவட்டம்

கோயில் எழுவது நல்ல காரியம்தான். ஒப்பந்தத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அழுத்தத்தில் மணல் வீசினால் அழுக்கோடு கல்லின் தோலும் போகும், சிலையின் மூக்கும் கல்வெட்டும் மழுங்கும். கருவறைத் தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டால் அதிட்டானத்தின் கீழ் வரிகள் மண்ணுக்குள் போகும். அங்கேதான் முக்கால்வாசிக் கல்வெட்டும் இருக்கும். செங்கல் விமானத்துக்கு சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இருந்து செங்கல்லை அரிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி அதிகம், நாளும் அதிகம் ஆகும். அறநிலையத் துறையின் அனுமதியோ தொல்லியல் துறையின் அனுமதியோ எது தேவை என்று முதலில் கேட்டுவிட்டு, ஒரு கல்லையும் அசைப்பதற்கு முன் எல்லாக் கல்வெட்டையும் படி எடுக்கச் சொல்லுங்கள். நூறு வருடம் காத்திருந்த கோயில் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும்.

கேள்வி: டீச்சர், எங்கள் பள்ளியிலிருந்து நார்த்தாமலைக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் எட்டாம் வகுப்பு. என்ன எடுத்துப் போக வேண்டும்? உங்களுக்கு உள்ளே பயமாக இருந்ததா? – மாணவி, கீரனூர்

தொப்பி, தண்ணீர், டார்ச், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம் கண்ணு, பாறையில் கிறுக்க யாராவது வாங்கிவிடுவார்கள். சுனைப் பக்கம் தனியாகப் போகாதே, பாசி வழுக்கும்.

பயம் இருந்தது. முதல் தடவை பெரிய குகைக்குள் போனபோது பன்னிரண்டு பேரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன், கண் இருட்டுக்குப் பழகிற்று. அப்புறம் ஒவ்வொருவர் கையிலும் சங்கும் சக்கரமும் எந்தப் பக்கம் என்று எண்ண ஆரம்பித்தேன், பயம் போய்விட்டது. நீயும் எண்ணிப் பார். மேலே கோயிலுக்குப் போனதும் வாயிற்காவலர் சிலைக்கு அடியில் குனிந்து பார். "மழை" என்ற சொல் உன் கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா என்று எனக்கு எழுது. இரண்டு எழுத்துத்தான், ஆனால் 'ழை' இப்போது நீ எழுதுவது மாதிரி இருக்காது. எப்படி இருந்தது என்று நோட்டில் வரைந்து அனுப்பு.